வேரோடு வந்த மயிர்

1952 ஜூன் 3, செவ்வாய்

என் மகளுக்கு நான் சோற்றில் மயிர் கலந்து கொடுத்தேன் என்று சொல்லிவிட்டார்கள். என் கடையில் வைத்து, என் கண்ணாடிக்கு முன்னால், மூன்று பேர் கேட்க. சொன்னவள் என் சம்பந்தி இசக்கியம்மை. பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றவன் என் மருமகன் கிருஷ்ணமணி. நடந்தது நேற்று. இன்று செவ்வாய்க்கிழமை, கோட்டாற்றில் எந்தச் சவரக்கடையும் திறக்காது. உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக்கு எவனாவது மாற்றிச் சொன்னால் காட்ட எழுத்து இருக்கட்டும்.

துணிக்கடை செல்வதாசுக்கு மழித்துக்கொண்டிருந்தேன். இருவரும் உள்ளே வந்தார்கள். இசக்கியம்மை ஒரு வாழையிலைப் பொட்டலத்தை அவிழ்த்து என் கத்திகளுக்கு நடுவில் கொட்டினாள். கோழிமுட்டை அளவுக்கு ஈரமான மயிர்ச் சுருள். புளித்த நாற்றம்.

"ஆருக்க கடை மயிரு இது? பாத்துச் சொல்லும்."

என் கத்தி செல்வதாசின் தொண்டையிலேயே நின்றது.

"எனக்க மருமவளுக்க வயித்துலேருந்து வந்தது. மந்திரவாதி மருந்து குடுத்துக் கக்க வச்சாரு. கைவெஷம்னு சொல்லியாச்சு. பெத்த வீட்டுக் கைன்னும் சொல்லியாச்சு. மவ புருசன் வீட்டுல நிலைக்கப்பிடாதுன்னு சோத்துல வச்சுக் குடுத்திருக்கீரு. ஒமக்கு மயிருக்கா பஞ்சம்?"

கைவிஷம் என்பது தெரியாமல் தின்னக் கொடுக்கும் சூனியம். அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும் என்று குழித்துறைப் பக்கம் குழந்தைக்குக்கூடத் தெரியும். கக்கினால் மயிர் வரும் என்பதும் அவர்களுக்குச் சாட்சி.

செல்வதாஸ் அசையாமல் இருந்தார். "வேய் தாணுலிங்கம், சண்டைய பொறவு போடும். மொதல்ல எனக்க தொண்டையிலேருந்து கத்திய எடும்" என்றார்.

எடுத்தேன். மடக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் இருவரும் படியிறங்கினார்கள். போகும்போது அந்தச் சுருளையும் இலையோடு வாரிக்கொண்டு போனாள்.

மயிர் என்றுதான் எழுதுவேன். படித்தவர்கள் முடி என்று எழுதட்டும். சோப்பு நுரை துடைக்கும் பழைய பத்திரிகைத் தாளில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். என் தொழிலுக்கு அதுதான் பெயர்.

மேஜையில் ஏழு இழை ஒட்டிக் கிடந்தது. வெள்ளைத் துணியில் பரப்பிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஏழிலும் ஒரு நுனியில் வெள்ளையாக ஒரு சின்ன மணி. வேர். கத்தி பட்ட மயிருக்கு வேர் கிடையாது. நாற்பத்தெட்டு வருஷமாக என் காலடியில் விழுந்த மயிரில் ஒன்றுக்குக்கூட வேர் இருந்ததில்லை. இது பிடுங்கிய மயிர். என் கடை மயிர் அல்ல.

கிருஷ்ணமணி, நீயும் சிரைக்கிறவன்தானே? இது உனக்குத் தெரியாதா?

ஜூன் 5, வியாழன்

நான்கு தலை மட்டும். நான்காவது ஆள் கேட்டான்: "அண்ணாச்சி, தரையில கிடக்கியத எல்லாம் எங்க கொண்டு போவீரு?" சிரித்துக்கொண்டே கேட்டான். பாதி மழித்த தாடையோடு தெருவில் இறக்கிவிட்டேன். தமிழ்நாட்டோடு சேருவோமா மாட்டோமா என்று தினமும் என் பெஞ்சில் அடித்துக்கொள்கிறவர்கள் இன்று வாயே திறக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சிதறாலுக்குப் போகிறேன், மகளைக் கட்டிக்கொடுத்த ஊர். ஏழு இழையும் பூதக்கண்ணாடியும் போதும்.

ஜூன் 9, திங்கள்

கடை திறக்கவில்லை. கீழ்வரிசையில் முன்பல் ஒன்று போய்விட்டது. வாய் வீங்கி இருக்கிறது. கை நன்றாக இருக்கிறது, எழுதுகிறேன்.

மார்த்தாண்டத்தில் பஸ் இறங்கி நடந்தேன். மந்திரவாதியின் முற்றத்தில் ஞாயிறுதோறும் கூட்டம். ஓரத்தில் ஒரு காஞ்சிர மரம். அதில் நான்கு விரல் நீள ஆணி. ஆணியில் ஒரு கொத்து மயிர். பேயை மரத்தில் அடித்து நிறுத்துவது என்றால் இதுதான்: உச்சி மயிரைச் சுற்றி ஆணி அடித்து, பிறகு ஆளைப் பிடித்து இழுப்பார்கள். மயிரோடு தோலும் இருந்தது. என் மகள் முத்துக்கனியின் தோல்.

அவள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். மிளகாய்ப் புகையில் கண் இரண்டும் வீங்கிக் கிடந்தது. இருபத்திரண்டு வயது. ஜாக்கெட்டின் முதுகு கோடு கோடாக நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்தேன்.

முதலில் அவளிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. அந்த ஊர்ப் பெரியவர் பொன்னுலிங்கம் கூட்டத்தில் இருந்தார், அவரிடம் போனேன். துணியை விரித்தேன். கண்ணாடியைக் கொடுத்தேன். வெட்டிய மயிர் எப்படி இருக்கும், பிடுங்கிய மயிர் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். என் தலையிலிருந்தே ஒன்று பிடுங்கி, ஒன்று வெட்டி, பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"உள்ளதுதான். வேரு இருக்கு. இது கடை மயிரு இல்ல."

அந்த நிமிஷம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மறைக்க மாட்டேன்.

அவர் கண்ணாடியைத் திருப்பித் தந்தபடி, "அப்பம் இது ஆருக்க மயிரு?" என்றார்.

ஒவ்வொரு தலையாக மரத்தடிக்குத் திரும்பியது. கடைசியாகத் திரும்பியவன் நான்.

"தெய்வமே, தனக்க மயிரத் தானே பறிச்சுத் தின்னுதாளா?" இது இசக்கியம்மை. "அப்பம் பேயுமில்ல, கைவெஷமுமில்ல. முழுக் கிறுக்கு! கிறுக்கியையா எனக்க மவன் தலையில கெட்டி வச்சீரு?"

"பேயிதான் பறிச்சுத் தின்னுது, நான் காட்டுதேன்" என்று மந்திரவாதி பிரம்பை எடுத்தான். அடித்தான். என் கண் முன்னால். கிருஷ்ணமணி குனிந்து அவள் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டிருந்தான்.

பிரம்பைப் பறித்தேன். ஐந்து அடி எண்ணி அடித்தேன், முகத்தில். ஆறாவதில் பிரம்பு பிளந்துவிட்டது. அவன் ஆட்கள் என்னைக் கீழே தள்ளி மிதித்தார்கள். பல் அப்போது போனது. எழுந்து மகளைத் தூக்கி நிறுத்திக் கூட்டிக்கொண்டு நடந்தேன். அவளுடைய தகரப்பெட்டியைப் பின்னால் ரோட்டில் எறிந்தார்கள். பெட்டி திறந்து சேலைகள் புழுதியில் கிடந்தன. பொறுக்கினேன்.

பஸ்ஸில் அவள் ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். "உங்க பேரு தெளிஞ்சாச்சாப்பா?"

தெளிஞ்சாச்சு என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

பகல் வெளிச்சத்தில் அவள் தலையைப் பார்த்தேன். புழுவெட்டு அல்ல. புழுவெட்டு என்றால் வட்டமாக, வழுவழுப்பாக இருக்கும். இது ஆடு மேய்ந்த வரப்பு. ஒரு மயிர் அரிசி நீளம், பக்கத்தில் ஒன்று விரல் நீளம், ஒன்று இப்போதுதான் முளைக்கிறது. உச்சியிலும் வலது காதுக்கு மேலும். பேய்க்கு வலது கைப்பழக்கம் உண்டா? இவளுக்கு உண்டு. பழைய பொருக்குகளை நகத்தால் கிளறிக் கிளறிப் புண்ணாக்கியும் வைத்திருக்கிறாள்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். எட்டு வருஷம் என்றாள். கல்யாணம் வரை என் வீட்டில், என் கண் எதிரில். எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னி மறைத்திருக்கிறாள். ஊரார் தலையெல்லாம் பார்த்தேன்.

ஏன் செய்கிறாய்? தெரியாதுப்பா. ஏன்? தெரியாது. ஏன் தின்றாய்? தெரியாது.

அறைந்தேன். இரண்டு தரம்.

என் தங்கை தாணம்மாள், புருஷன் செத்தபிறகு என்னோடுதான் இருக்கிறாள், அடுக்களையிலிருந்து வந்து நடுவில் நின்றாள். "அவன் பிரம்பால அடிச்சான். நீ கையால அடிக்கே. அவளுக்க ஒடம்புக்கு என்ன வித்தியாசம் தெரியும்?"

"நான் அப்பன்."

"அவன் மந்திரவாதி. ஆளுக்கொரு காரணம்."

இவளுக்கு வாய் அதிகம்.

ஜூன் 12, வியாழன்

அடியால் நிற்கவில்லை. கத்தி தீட்டும் தோல்வாரால் இரண்டு கையையும் முன்பக்கமாகச் சேர்த்துக் கட்டினேன். இறுக்கமாக இல்லை. சாப்பிடும்போது அவிழ்த்துவிடுகிறேன்.

ஜூன் 14, சனி

அடுக்களைச் சுவரில் தலை உயரத்துக்கு ரத்தம். கை கட்டியிருந்ததால் சுவரில் தேய்த்திருக்கிறாள்.

ஜூன் 17, செவ்வாய்

வேறு யோசனை தோன்றியது. மயிர் இருந்தால்தானே பிடுங்குவாள்? பலகை போட்டு உட்கார வைத்து மொட்டையடித்தேன். புண்ணைத் தொடாமல், ஒரு சொட்டு ரத்தம் வராமல் எடுத்தேன். என் தொழிலில் அதைவிடச் சுத்தமான வேலை நான் செய்ததில்லை. அவள் மறுக்கவில்லை, அழவில்லை. விழுந்த மயிரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாணம்மாள் இன்று முழுதும் எனக்குச் சோறு போடவில்லை.

ஜூன் 19, வியாழன்

புருவம் பாதி இல்லை. இடது கண்ணில் இமை மயிர் இல்லை. முழங்கைத் தோலையும் உரித்துவிட்டாள்.

என் கணக்கு தவறு என்று சொல்ல மாட்டேன். பாதிக் கணக்குதான் போட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

மூன்று நாளாக எதுவும் உள்ளே தங்கவில்லை. பச்சையாகக் கக்குகிறாள். தாணம்மாள் வயிற்றைத் தடவிப் பார்த்து, தொப்புளுக்கு மேல் கட்டியாக இருக்கிறது, கல் மாதிரி நகருகிறது என்றாள். பிள்ளையோ என்று முதலில் நினைத்தாளாம். பிள்ளை அவ்வளவு மேலே இருக்காது.

என் கையைப் பிடித்து, "அண்ணே, உனக்க புத்தியெல்லாம் தீந்தாச்சுல்லா? இனியாவது டாக்டர்கிட்ட காட்டு" என்றாள். நாளைக் காலை மிஷன் ஆஸ்பத்திரிக்கு.

ஜூன் 25, புதன்

வயிற்றைக் கீறி எடுத்துவிட்டார்கள். பிழைத்திருக்கிறாள்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு எனாமல் தட்டைக் காட்டினார். இரைப்பையின் உருவத்திலேயே கறுப்பாக, வளைந்து, பளபளவென்று. எட்டு வருஷ மயிர். சோறு இறங்க விரல் நுழையும் வழிகூட இல்லை. மந்திரவாதி கக்க வைத்தது இதில் ஒரு கிள்ளு. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் குடல் கிழிந்திருக்கும் என்றார். அந்த வயிற்றோடுதான் மரத்தடியில் அடி வாங்கினாள். அந்த வயிற்றோடுதான் நான் கட்டிப்போட்டேன்.

"பைத்தியமா?" என்று கேட்டேன்.

"இல்லை. பதினைந்து வருஷத்தில் இப்படி மூன்று பேர் பார்த்திருக்கிறேன். மூன்றுபேரும் புத்தி தெளிவாக இருந்தவர்கள். விருப்பப்பட்டுச் செய்வதில்லை. நிறுத்த முடியாமல் செய்வது."

"மருந்து?"

"என்னிடம் இல்லை. வயிற்றை நான் சுத்தம் செய்துவிட்டேன். கையை அவள்தான் பழக்க வேண்டும். அடித்தால் நிற்காது, ஒளித்துச் செய்வாள். நீங்கள் சும்மா இருக்கப் பழக வேண்டும்."

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது என்றேன். அதையும் பழகலாம் என்றார்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்றும் கேட்டார். எங்கள் குடும்பத்திலா? கிடையாது என்று அடித்துச் சொன்னேன்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் ஜெபகுமாரி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயா, உங்க பெருவிரல்ல என்ன?"

"சோப்பு. எங்க தொழில்ல தோலு வெடிக்கும்."

"பத்து விரலும் சோப்புலதானே கிடக்கு? பெருவிரல மட்டும் தேடிப் பிடிச்சா கடிக்கும்?"

வெளியே வந்துவிட்டேன். திமிர் பிடித்த பெண்.

ஜூலை 1, செவ்வாய்

வார்டில் அவளோடு உட்கார்ந்திருந்தேன். நான் கேட்காமலே பேசினாள். சொன்னபடி எழுதி வைக்கிறேன்.

"விரலு தானாத் தேடும்பா. நான் விடியதுல்ல, அதுவாப் போவும். ஆயிரம் மயிரு இருந்தாலும் ஒண்ணு மட்டும் தடிப்பா, முறுக்கா விரல்ல மாட்டும். அது அங்க இருக்கப்பிடாதுன்னு இருக்கும். எடுத்தாத்தான் நெஞ்சு இறங்கும். அப்பம் ஒரு நிமிசம் எல்லாம் சும்மா கிடக்கும். உள்ள ஒரு சத்தமும் இருக்காது. பொறவு பாத்தா மடி நிறைய கிடக்கும். யாரும் பாக்கதுக்குள்ள எங்க கொண்டு போடியது? வாயில போட்டுருவேன்."

வெட்கத்தில் தின்றிருக்கிறாள். எங்களுக்குப் பயந்து தின்றிருக்கிறாள்.

கேட்டுக்கொண்டிருக்கும்போது விரல் நுனி ஈரமாக இருந்தது. குனிந்து பார்த்தேன். என் வேட்டியில் ரத்தம்.

ஜூலை 3, வியாழன்

காலை ஆறு மணி முதல் பெருவிரலைத் தொடுவதில்லை என்று வைத்தேன். பார்த்துவிடுவோம், இது பழக்கமா சோப்பா என்று. அறுபத்திரண்டு வயதில் ஒரு விரலை அடக்க முடியாதா?

எட்டரைக்கு ரத்தம். எப்போது ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. தெரியாதுப்பா என்று அவள் சொன்னதும் இதுதான்.

ஜூலை 4, வெள்ளி

ஏழேகாலுக்கே.

ஜூலை 5, சனி

விரலில் துணி சுற்றினேன். பத்து மணிக்குத் துணியைப் பல்லால் அவிழ்த்துக்கொண்டிருந்தேன். ஏலே தாணுலிங்கம்! உன் கையை எவன் தோல்வாரால் கட்டினான்? உன் தோலை எவன் காஞ்சிரத்தில் ஆணி அடித்தான்? எவன் அறைந்தான்? ஐம்பது வருஷமாக உன் கையைப் பார்த்து ஒரு நாய்கூட ஏன் என்று கேட்டதில்லை. ஆம்பிளைக்குச் சோப்பு. பொம்பிளைக்குப் பேய்.

ஜூலை 15, செவ்வாய்

வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். ஜெபகுமாரி சொல்லி அனுப்பியது: ஏன் என்று தேடாதே, எப்போது, எங்கே, எந்தக் கை என்று பார். முத்துக்கனியே பார்த்து வைத்திருக்கிறாள். சாப்பிட்டபின் தனியாக உட்காரும்போது. இடது கையில் தலையைச் சாய்த்தால் வலது கை போகிறது. பின்னால் யாராவது நின்றால் போகிறது. அந்த நேரங்களில் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஈரத்துணி சுற்றிக்கொள்கிறாள், மயிர் விரலுக்குத் தட்டுப்படாமல் இருக்க. மற்ற நேரம் தாணம்மாளோடு ஓலைப்பெட்டி முடைகிறாள். ஓலை நுனி குத்துகிறது, விரலுக்கு அது போதும் என்கிறாள்.

என் விரலுக்கும் சுற்றிவிட்டாள். நான் கேட்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

ஒன்பது நாள் ஒன்றுமில்லை. நேற்று ஒரே இருப்பில் காதுக்கு மேல் ஒரு ரூபாய் அகலம். துணியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓலையை மிதித்தாள். மிதித்த ஓலையைத் தாணம்மாள் நீவி எடுத்து வைத்தாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கண்ணாடி போய்விட்டது.

தினமும் காலையில் அவள் பாயைத் தட்டி, விழுந்ததைப் பொறுக்கி, துணியில் பரப்பி, வேர் உண்டா என்று பார்த்துத் தேதி போட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அவள் நன்மைக்குத்தான். சாயங்காலம் அவளிடம் கேட்பேன், இன்று எத்தனை என்று. அவள் சொல்வது என் எண்ணிக்கையோடு ஒத்துவருகிறதா என்று பார்ப்பேன்.

இன்று துணியைக் கண்டுபிடித்துவிட்டாள். பூதக்கண்ணாடியை எடுத்து அம்மியில் போட்டுக் குழவியால் அடித்தாள். நான் தடுக்கப் போனேன். குழவியைக் கீழே போட்டுவிட்டு என் பெருவிரலைப் பிடித்தாள். புண் மேலேயே. அழுத்தினாள். ஓலை முடைந்த விரல், இரும்பு.

"இது இன்னைக்கு எத்தனை? சொல்லுங்க. எத்தனை தரம் உரிச்சீங்க? எத்தனை?"

ரத்தம் அவள் மணிக்கட்டில் ஒழுகியது. அவள் விடவில்லை.

"எண்ணுனதில்ல" என்றேன்.

"அப்பம் எனக்கது எதுக்கு எண்ணுதீங்க? இன்னும் ஒருக்கா ஊரைக் கூட்டிக் காட்டணுமா?"

அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. தெருவுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

எழுதிய தாளை அடுப்பில் போட்டேன். அவளே தீயைத் தள்ளிவிட்டாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

கிருஷ்ணமணி வந்தான். செவ்வாய்க்கிழமை அவனுக்கும் கடை இல்லை. வாசலில் நின்றான். அம்மைக்குத் தெரியாமல் வந்தேன் மாமா என்றான்.

"காலைப் பிடிச்சவன் நீதானலே?"

"ஆமா மாமா. பிடிச்சேன்."

அறைந்தேன். கையைத் தூக்காமல் நின்றான். மறுபடி அறைந்தேன். உள்ளேயிருந்து அவள் குரல்:

"போதும்பா. அவரு எனக்க ஆளு. கேக்கியத நான் கேட்டுக்கிடுதேன்."

முக்காடு இல்லாமல் வெளியே வந்தாள். அரை விரல் வளர்ந்திருக்கிறது, இரண்டு இடத்தில் வெற்றுத் தோல். அவன் முன்னால் தலையைக் குனிந்து காட்டினாள். "பாத்துக்கிடுங்க. இது வளரும். போவும். பெறவும் வளரும். பெறவும் போவும். பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?"

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. "நான் மொதல்லயே பாத்தாச்சு. கல்யாணம் கழிஞ்சு ரெண்டாம் மாசமே தலையணையில பாத்தேன். வேரும் பாத்தேன். எனக்கும் தொழிலு இதானே? அம்மை பேயின்னு சொன்னா. சரி, பேயின்னே இருக்கட்டும்னு விட்டேன். கைவெஷம்னு சொன்னா. அதுவே இருக்கட்டும்னேன். பேயின்னா நாலு அடியோட போவும். கிறுக்குன்னு பேரு வந்தா சாவுறவரை போவாதே."

வேரைக் கண்டும் வாயை மூடிக்கொண்டான், அவளுக்குப் பைத்தியம் என்ற பெயர் வரக்கூடாது என்று. நான் வாயைத் திறந்தேன், எனக்குச் சூனியக்காரன் என்ற பெயர் வரக்கூடாது என்று. அவள் அடிபட்டது இரண்டாலும்.

"அந்த நாலு அடி எனக்க முதுவுல விழுந்தது" என்றாள். "உங்களுக்கு அது கொறச்சலாத் தோணிச்சு. இல்லியா?"

அவன் அழுதான். அவள் அழவில்லை. அடுத்த செவ்வாய் வாருங்க, யோசிச்சுச் சொல்லுதேன் என்றாள். தாணம்மாள் அவனுக்குக் குடிக்க வெள்ளம்கூடக் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கச் சொல்லவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

கிருஷ்ணமணி காலையிலேயே வந்துவிட்டான். முத்துக்கனி சொன்னாள், நான் எழுதினேன். யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று. பொன்னுலிங்கத்தின் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டுமாம். சில இடத்தில் எனக்குச் சம்மதமில்லை. சொன்னேன். எழுதுங்கப்பா என்றாள். எழுதினேன். இங்கேயும் ஒரு நகல்:

கிருஷ்ணமணி: தனி வீடு பார்க்க வேண்டும், கடைக்குப் பின்னால் ஒரு அறையானாலும் போதும். பார்க்கும் வரை செவ்வாய்தோறும் இங்கே வந்து போகலாம். வைத்தியம், பூஜை, கயிறு, தகடு எதற்கும் அவளைக் கேட்காமல் சம்மதிக்கக் கூடாது. கேட்பவர்களிடம் பேய் என்று சொல்லக் கூடாது. பழக்கம் என்று சொல்ல வேண்டும். அதற்கு என்ன பெயர் வந்தாலும் தாங்க வேண்டும்.

தாணம்மாள்: இப்போது இருப்பதுபோலவே இருக்க வேண்டும்.

மந்திரவாதி: அந்த ஆணியைப் பிடுங்கி, அதில் இருப்பதை அவள் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்க மாட்டான் என்றேன். பொன்னுலிங்கம் வாங்கித் தருவார் என்கிறாள்.

முத்துக்கனி: பிடுங்கினால் ஒளிக்க மாட்டாள். தின்ன மாட்டாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய் வயிற்றைக் காட்டுவாள். இனிப் பிடுங்கவே மாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்ய மாட்டாள். யாரும் கேட்கவும் கூடாது.

இசக்கியம்மை: நான் கைவிஷம் வைக்கவில்லை என்று அதே முற்றத்தில், அதே ஆட்கள் முன்னால் சொல்ல வேண்டும். இது நான் சேர்த்தது. இதை விட முடியாது என்றேன். சரி இருக்கட்டும், அதுக்கு மேல இன்னும் ஒண்ணு எழுதணும் என்று அவள் சொல்லச் சொல்ல எழுதியது கீழே.

தாணுலிங்கம்: வருகிற ஞாயிறு, முதல் பஸ்ஸில் சிதறாலுக்குப் போக வேண்டும். அதே முற்றத்தில், அதே ஆட்கள் முன்னால், மகளை அறைந்தது, தோல்வாரால் கட்டியது, கேட்காமல் மொட்டையடித்தது, மூன்றையும் தன் வாயால் சொல்ல வேண்டும். பெருவிரலையும் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் இசக்கியம்மையைப் பேசச் சொல்லலாம். முதலில் இவர்.